கையடக்கக் கணிப்பொறி இனி எங்கே போகும்? பலமனேரிலிருந்து ஒரு பார்வை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட ஆசிரியர் குழுவினர், 'கம்பியில்லாமல் இயங்கும் கையடக்கக் கணிப்பொறிகளின் எதிர்காலம்' என்று தலைப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். இப்படியொரு தலைப்புக் கிடைத்தால் அமெரிக்காவில் என்ன வரப்போகிறது, ஜப்பானில் என்ன வந்துவிட்டது என்று அடுக்கிக்கொண்டு போவது வழக்கம். அடுத்த ஆண்டு மலர் அச்சேறுவதற்குள் அந்தப் பட்டியல் பழசாகிவிடும். ஆகவே நான் வேறு வழியில் போகிறேன். எனக்கு நன்கு பழக்கமான ஓர் ஊரை, சித்தூர் மாவட்டத்துப் பலமனேரை, எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்தக் கருவி எப்படி வந்தது, யார் கையில் இருக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால் இனி அது எந்தத் திசையில் போகவேண்டும் என்பது ஓரளவு தெரியும்.

பலமனேரை அறியாத அன்பர்களுக்காக இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், மொகிலி கணவாயை ஏறி முடித்ததும் வரும் ஊர். மேட்டு நிலம் என்பதால் கோடையிலும் இரவுக் காற்று குளிர்ந்திருக்கும். தக்காளி, பால், புளி, மண்பாண்டம் இவையே ஊரின் பிழைப்பு. பக்கத்திலேயே கௌண்டின்யா சரணாலயம், யானைகள் உண்டு. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட தாலுகாக்களில் இதுவும் ஒன்று. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள், ஊரை விட்டு ஓரடி நகராமலேயே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள்! வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, தக்காளி ஏற்ற வரும் கோலார் லாரிக்காரரிடம் கன்னடம். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று நம்மைப் போலவே பெங்களூர், மும்பை, மஸ்கட், சிங்கப்பூர் என்று பரவிக் கிடக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1990-களில் இந்தத் துறையில் இரண்டு வண்டிகள் தனித்தனிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று கணிப்பொறி, மற்றொன்று தொலைபேசி. 1993-ல் ஆப்பிள் நிறுவனம் 'நியூட்டன்' என்ற கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டது. திரையில் பேனாவால் எழுதினால் அது படித்துக்கொள்ளும் என்றார்கள். அது படித்த அழகைக் கேலி செய்து பத்திரிகைகளில் படம் போட்டார்கள். 1998-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். 1996-ல் வந்த 'பாம் பைலட்' கொஞ்சம் பிழைத்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போயிற்று. அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்கவேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. கணிப்பொறியும் தொலைபேசியும் ஒருநாள் ஒன்றாகும் என்பதில் அப்போதே யாருக்கும் சந்தேகமில்லை. எது எதற்குள் புகுந்துகொள்ளும் என்பதில்தான் தகராறு.

நம் நாட்டில் இதற்கு ஒரு விடை தயாரானது, பலமனேரிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் பெங்களூரில். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய பேராசிரியர்களும், என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கருவியை வடிவமைத்து 2001 ஏப்ரலில் வெளியுலகுக்குக் காட்டினார்கள். எளிமை, மலிவு, பன்மொழி என்பதே அந்தப் பெயரின் உட்பொருள். உள்ளங்கை அளவு, தொடுதிரை, லினக்ஸ் மென்பொருள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் குரல். விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கவேண்டும் என்பது இலக்கு.

இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் வேறொன்று. ஒன்பதாயிரம் ரூபாயும் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு அதிகம்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கருவியின் பக்கவாட்டில் ஒரு ஸ்மார்ட் கார்டு செருகும் இடம் வைத்தார்கள். கருவி ஊருக்குப் பொது. கார்டு ஆளுக்கு ஒன்று. பஞ்சாயத்திலோ பள்ளியிலோ கடையிலோ இருக்கும் கருவியை வாங்கி, உங்கள் கார்டைச் செருகினால் அது உங்களுடையதாகிவிடும். கார்டை எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு. ஊர்க் கிணற்றில் அவரவர் குடத்தை நிரப்பிக்கொள்வது போல.

சிம்ப்யூட்டர் விற்கவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2004-ல் 'அமிடா' என்ற பெயரில் தயாரித்து விற்பனைக்கு விட்டது. கருவியைச் சாய்த்தால் பக்கம் திரும்பும் வித்தையெல்லாம் அதில் இருந்தது. எதிர்பார்த்தது அரை லட்சம், போனது சில ஆயிரம். தோற்ற காரணத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில் முக்கியமானது இதுதான்: அதில் பேச முடியாது. முதல் சிம்ப்யூட்டர் செய்தி அனுப்பவேண்டுமானால் தொலைபேசிக் கம்பியைத் தேடிப் போகவேண்டும். பெங்களூரில் இருக்கும் மகனோடு பேச முடியாத கருவிக்கு ஒரு தாய் எதற்காகக் காசு கொடுக்கவேண்டும்?

இதே காலத்தில் பலமனேருக்குத் தெற்கே இருக்கும் குப்பத்தில் இன்னொரு சோதனை நடந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் அது. 2002-ல் ஹ்யூலெட் பேக்கார்ட் நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து மூன்றாண்டுத் திட்டமாக அங்கே தகவல் மையங்கள் அமைத்தன. மையங்களை விட எனக்குப் பிடித்தது அங்கே உருவான பெண் புகைப்படக்காரர்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், சிறு அச்சுப்பொறியும், அதற்கு மின்னேற்ற சூரிய ஒளித் தகடும் கொடுத்தார்கள். அவர்கள் அதை முதுகில் சுமந்து ஊர் ஊராகப் போய் அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். கையடக்கக் கருவி என்றால் அதை வைத்திருப்பவர் தனக்காக மட்டுமே வைத்திருக்கவேண்டும் என்பதில்லை, ஊருக்காகச் சுமப்பவரும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. போட்டியில் வென்றது தொலைபேசி. கணிப்பொறி அதற்குள் புகுந்துகொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம். சில மாதங்களில் அது டீக்காசு அளவுக்கு இறங்கிவிட்டது. இன்று பலமனேர் தக்காளி மண்டியில் கூடையை இறக்கும் விவசாயி, மதனப்பள்ளியில் காலை ஏலம் எந்த விலைக்குப் போயிற்று என்பதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறார். சிம்ப்யூட்டர்காரர்கள் கனவு கண்டதெல்லாம், ஒன்றைத் தவிர, நடந்துவிட்டது.

நடக்காத அந்த ஒன்று, கருவியைப் பகிர்ந்துகொள்வது. இன்றைய கைபேசி, 'ஓர் ஆள், ஒரு எண், ஒரு கருவி' என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. வங்கி, பென்ஷன், சமையல் வாயு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. ஆனால் நம் குடும்பங்கள் அப்படி வாழவில்லையே!

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா பலமனேரில் தனியாக இருக்கிறார். வங்கிக் கணக்கு அவர் பெயரில். அதில் பதிவு செய்த எண், மஸ்கட்டில் இருக்கும் மகனுடையது. கணக்குத் தொடங்கியபோது அவரிடம் கைபேசி இல்லை, ஆகவே அது இயல்பாக நடந்தது. இப்போது அவர் வங்கிக்குப் போய் ஏதாவது கேட்டால், ஆறு இலக்க எண் ஒன்று கடல் தாண்டி மகனுக்குப் போகிறது. அங்கே மணி ஒன்றரை பின்னால். அவன் வேலைத்தளத்தில் இருப்பான். பெரியம்மா தன் பழைய பட்டன் போனில், "ஓட்டிபி வந்திச்சாப்பா? சீக்கிரம் சொல்லு, அந்தம்மா காத்துக்கினு இருக்காங்க" என்று கேட்பார். மகன் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. ஒருநாள் மூன்று முறை இப்படி ஆகி, மதியச் சாப்பாட்டு நேரம் வந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் கணக்கில் அவர் பணம். கையெழுத்துப் போடத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவரை முப்பது வருடமாகத் தெரியும். இத்தனை இருந்தும் அவர் அவர்தான் என்று சாட்சி சொல்லவேண்டியது மஸ்கட்டில் ஒரு சட்டைப்பையில் கிடக்கும் கருவி.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பாதிக்குமேல் இதே கதை இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் அதே தெருவில் பார்க்கலாம். ஆந்திரத்தில் முதியோர் பென்ஷனை 2020 பிப்ரவரி முதல் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்; 2024 ஜூலை முதல் கிராம, வார்டு சச்சிவாலய ஊழியர்கள் கொடுக்கிறார்கள். ஊழியர் கையில் ஒரு ஸ்மார்ட்போன், அதோடு இணைந்த தீப்பெட்டி அளவு ரேகைக் கருவி. பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே விரலை வைக்கிறார். ஆதார் எண்ணோடு ரேகை பொருந்தியதும் பணம் கைக்கு வருகிறது. யோசித்துப் பாருங்கள், இது சிம்ப்யூட்டரேதான்! கருவி பொது, அடையாளம் தனி. ஸ்மார்ட் கார்டுக்குப் பதில் விரல். வங்கிகளின் சார்பில் கிராமங்களில் பணம் கொடுத்து வாங்கும் முகவர்கள் வைத்திருக்கும் 'மைக்ரோ ஏடிஎம்' கருவியும், ரேஷன் கடை எடை மேசைமேல் இருக்கும் இயந்திரமும், மின்சார மீட்டர் பார்த்து அங்கேயே பில் கிழித்துக் கொடுப்பவரின் கருவியும், பேருந்து நடத்துனரின் டிக்கெட் இயந்திரமும் இதே ஜாதி. கையடக்கக் கணிப்பொறி என்றால் நாம் நம் சட்டைப்பையை மட்டுமே நினைக்கிறோம். பலமனேரில் ஒரு முதியவரின் வாழ்வைத் தொடும் கருவிகளில் பாதி, இன்னொருவர் கையில் இருப்பவை.

விரலிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. வாழ்நாள் முழுக்கக் களிமண் பிசைந்தவருக்கும், மூட்டை மூட்டையாகப் புளி கொட்டை எடுத்தவருக்கும் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி 'யாரோ நீ' என்கிறது. எண்ணெய் தடவி, துடைத்து, கட்டைவிரலுக்குப் பதில் சுண்டுவிரலை வைத்து என்று பல உபாயங்கள். கண்ணின் பாவையை, முகத்தை வைத்து அடையாளம் காணும் முறைகள் இப்போது துணைக்கு வந்திருக்கின்றன. அடுத்த பத்தாண்டில் இந்தக் கருவிகளில் நான் எதிர்பார்க்கும் முன்னேற்றம் மெல்லிய கண்ணாடியோ மடிக்கும் திரையோ அல்ல. தேய்ந்த விரலையும் சுருங்கிய முகத்தையும் மரியாதையாகத் தெரிந்துகொள்ளும் திறமைதான்.

பகிர்வு என்ற எண்ணம் சட்டைப்பைக் கைபேசிக்குள்ளும் மெல்லத் திரும்பி வருகிறது. 2024 ஆகஸ்டில் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில், ஒருவர் தம் கணக்கிலிருந்து செலவு செய்ய நம்பிக்கையான இன்னொருவரை அனுமதிக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் வரை அவரே செலவு செய்யலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் கணக்குக்காரர் 'சரி' சொல்லவேண்டும். மகன் கணக்கிலிருந்து தாய் மருந்து வாங்க இது போதும். 2023-ல் இருந்து அமெரிக்கா, சிங்கப்பூர், ஓமன், அமீரகம் முதலிய பத்து நாடுகளின் எண்களை, வெளிநாட்டு இந்தியர் கணக்குகளுக்கு யுபிஐ-யில் பயன்படுத்தவும் வழி செய்தார்கள். ஆனால் தாயின் கணக்கு தாயின் எண்ணில் இருப்பதற்கு இவை எதுவும் ஈடாகாது. அடுத்த முறை ஊருக்குப் போகும் அன்பர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் நல்லது. அதோடு, ஊரில் வாங்கிய சிம்மை வெளிநாட்டில் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்களும் கவனிக்கவேண்டும். மூன்று மாதம் பயன்படுத்தாமல் விட்ட இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. பிறகு அந்த எண் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும், உங்கள் தாயாருக்கு வரவேண்டிய ஆறு இலக்கங்களோடு.

இனி காற்றில் ஓடும் கம்பியைப் பார்ப்போம். வாசலில் நின்ற ஊழியரின் கருவிக்கும் சிக்னல் வேண்டுமே.

சித்தூரிலிருந்து பேருந்தில் வருபவர்கள் மொகிலி கணவாயில் பேச்சு அறுந்துபோவதை அனுபவித்திருப்பார்கள். வானலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. மலை இல்லாத இடத்திலும் தூரம் ஒரு பகை. பக்கத்து வீட்டாரோடு பேசுவதற்கும், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவரைக் கூப்பிடுவதற்கும் தொண்டைக்கு எவ்வளவு வித்தியாசம்! கைபேசிக்கும் அதேதான். டவர் தொலைவில் இருந்தால் அது உரக்கக் கத்தவேண்டும். 4ஜி கைபேசி ஒன்று கத்தக்கூடிய அதிகபட்ச சக்தி ஐந்தில் ஒரு வாட்தான். நகரத்தில் அதில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. கிராமத்தில் எப்போதும் உச்சஸ்தாயி. ஊருக்குப் போனால் நம் கைபேசியின் பாட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும் மர்மம் இதுவே, பாட்டரிமேல் குற்றமில்லை.

அலைவரிசைக்கும் இதில் பங்குண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தொலைவு போகும், சுவரைத் தாண்டும், ஆனால் குறைவாகவே சுமக்கும். 3,500 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் மூட்டை மூட்டையாகச் சுமக்கும், ஆனால் தெருமுனையிலேயே மூச்சு வாங்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி-யின் பிரமாத வேகமெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆகவே விளம்பரத்தில் காட்டும் வேகம் பலமனேர் பேருந்து நிலையத்தில் கிடைத்தாலும் காட்டோரத்துக் குடிசையில் கிடைக்காது. இது யாருடைய சதியும் இல்லை, இயற்பியல். டவரை நெருக்கமாக நடலாம். பத்து வீடு உள்ள ஊருக்கு அது கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கணக்குப் பார்க்கும்.

நடுவில் ஒரு எல்லைக் கதை. கைபேசி, எந்த டவர் பலமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மாநிலம் தெரியாது. வி.கோட்டை, நங்கிலி பக்கத்துக் கிராமங்களில் முன்பெல்லாம் திண்ணையில் இருந்தால் ஆந்திரா, கொல்லையில் போனால் கர்நாடகா. 'கர்நாடகம் உங்களை வரவேற்கிறது' என்று செய்தி வரும், பின்னாலேயே ரோமிங் கட்டணம் வரும். மாடு கட்டப் போனதற்கு வெளிமாநிலக் கட்டணம்! 2015-க்கும் 2017-க்கும் இடையில் அந்தக் கட்டணங்கள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. எல்லைக்காரர்களுக்கு 4ஜி வந்ததை விட அது பெரிய விடுதலை என்பேன்.

டவர் எட்டாத இடத்துக்கு வானத்திலிருந்தே சிக்னல் கொடுத்தால் என்ன? இந்த யோசனை இப்போது கதையல்ல. 2025 டிசம்பர் 24 அன்று இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'புளூபேர்ட்' என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டுபோயிற்று. எடை சுமார் 6,100 கிலோ. சாதாரணக் கைபேசியோடு நேராகப் பேசுவது அதன் வேலை. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அந்த வகையில் எங்கள் அக்கம்பக்கத்துச் சமாசாரம் என்று நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அது எப்படிச் சாத்தியம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் டவருக்குப் பதில் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் என்றால் தூரம் நூறு மடங்கு; அலை பத்தாயிரம் மடங்கு பலவீனமாகப் போய்ச் சேரும். கைபேசியின் குரலை உயர்த்த முடியாது, ஆகவே கேட்கும் காதைப் பெரிதாக்கினார்கள். அந்தச் செயற்கைக்கோள் வானில் விரிக்கும் அலைவாங்கி சுமார் 223 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டு மனையை வானத்தில் பாயாக விரித்தாற்போல! ஆனால் அதன் ஒரு கற்றை தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விழும். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஆகவே ஊரே வானத்தைப் பார்த்துச் சினிமா பார்ப்பது நடக்காது. ஆபத்தில் கூப்பிட, செய்தி அனுப்ப, பென்ஷன் கருவி பதில் வாங்க என்றால் தாராளமாகப் போதும். அனுமதி, கட்டணம் இவை வேறு கதை.

சின்னச் செய்தியின் அருமையை அறியவேண்டுமானால் வால்பாறைக்குப் போகவேண்டும். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குள் யானைகள் வந்துபோகும். ஆனந்த குமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சார்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும், மாலையில் யானை எங்கே நிற்கிறது என்பதைச் சுற்றுப்புற மக்களுக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு; யானை அருகில் இருந்தால் கைபேசி மூலமே அதை எரியவிடலாம். இருட்டில் யானையின் எதிரே போய்ச் சாவது குறைந்தது. 2015-ல் இந்தப் பணிக்கு விட்லி விருது கிடைத்தது. இதற்கு 5ஜி வேண்டியதில்லை, ஸ்மார்ட்போன் கூட வேண்டியதில்லை. கௌண்டின்யா காட்டோரத்தில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் நூற்றறுபது எழுத்துக்குள் அடங்கும் ஒரு செய்திதான் உயிர் காக்கும்.

சிக்னல் என்றைக்கும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டால், கருவி எந்தப் பக்கம் வளரவேண்டும் என்பதும் தெளிவாகிறது. சிக்னல் இல்லாதபோதும் கைகட்டி நிற்காத கருவி வேண்டும். கடந்த பதினைந்து வருடமாக நம் கைபேசிகள் உண்மையில் ஜன்னல்களாகவே இருந்தன. வேலை நடப்பது எங்கோ உள்ள பெரிய கணிப்பொறிக் கூடத்தில்; நாம் பார்ப்பது அதன் பிம்பம். இப்போது கைபேசிச் சில்லுகளின் திறமை, பேச்சைப் புரிந்துகொள்வது, மொழிபெயர்ப்பது, படத்தில் உள்ள எழுத்தைப் படிப்பது போன்ற வேலைகளைக் கைக்குள்ளேயே செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. ஊர்க்குழாயில் தண்ணீர் வராத நாளைக்கென்று வீட்டில் ஒரு கிணறு. பணத்திலும் இதன் சாயல் வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் அறிமுகமான 'யுபிஐ லைட் எக்ஸ்' முறையில், இரண்டு கைபேசிகளை அருகருகே வைத்தால், இணைப்பே இல்லாமல் சிறு தொகை கைமாறும். அதற்குரிய வசதி உள்ள கைபேசி இருபக்கமும் வேண்டும் என்பதால் சந்தைக்கு இன்னும் தூரம். திசை மட்டும் சரி.

கடைசியாக மொழி. என்னைப் பொறுத்தவரை நம் சங்கம் கவலைப்படவேண்டிய இடம் இதுதான். தமிழில் தட்டச்சு செய்வது நம் பெரியவர்களில் பலருக்குக் கைவரவில்லை, இனி வரவும் வேண்டாம், கருவியோடு பேசிவிடலாம். மத்திய அரசின் 'பாஷிணி' திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' ஆய்வு மையமும் இந்திய மொழிகளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கி இலவசமாகத் தருகின்றன. இயந்திரம் பேச்சைக் கற்பது குழந்தை கற்பது போலத்தான்: எதைக் கேட்டதோ அதைத்தான் புரிந்துகொள்ளும். செய்தி வாசிப்பாளர் தமிழை நிறையக் கேட்டிருக்கிறது. "சச்சிவாலயத்துல பென்ஷன் இஸ்தாங்களா, வேலிமுத்ர படலன்னு ரெண்டு தபா அலைய விட்டுட்டாங்க" என்று எங்கள் பெரியம்மா சொன்னால் அதற்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. தமிழ்க் கருவி அதைத் தெலுங்கு என்று தள்ளும், தெலுங்குக் கருவி தமிழ் என்று தள்ளும். எல்லையில் மனிதர்களுக்கு நடந்தது இனி குரலுக்கும் நடக்கும். பெங்களூர்த் தமிழ், மும்பை தாராவித் தமிழ், மலேசியத் தமிழ் பேசும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே கதி.

மாற்று இருக்கிறது. மொஸில்லா அமைப்பின் 'காமன் வாய்ஸ்' என்ற பொதுக் குரல் தொகுப்பில் யார் வேண்டுமானாலும் தமிழில் பேசிப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் மென்பொருள் செய்யலாம். அதில் தமிழுக்கு இந்திய மொழிகளுக்குள் நல்ல இடம் இருக்கிறது. ஏற்கெனவே பல நூறு மணி நேரக் குரல் சேர்ந்துவிட்டது. வாக்கியத்தைத் திரையில் காட்டுவார்கள், உரக்கப் படித்தால் போதும். படிப்பது ஏட்டுத் தமிழ் வாக்கியமாகவே இருந்தாலும் உச்சரிப்பு நம் ஊருடையது. இயந்திரத்துக்கு அது வேண்டும். அடுத்த பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்குப் பத்து வாக்கியம் பேசிப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மடிக்கணினியும் சத்தமில்லாத ஓர் அறையும் இருந்தால் போதும்.